ஒரே வாசலில் அறுபத்து நான்கு பேர்

எனக்கு வாய் நீளம், பொறுமை குட்டை. வானிலை அலுவலகத்தில் என் வேலை ஆரூடம் சொல்வது. வானத்துக்கு அல்ல, கணினி நிரலுக்கு. ஒரு நிரலை அறுபத்து நான்கு கணினிகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தால் எத்தனை நிமிடத்தில் முடியும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வேன். சொன்னபடி முடியாவிட்டால், எங்கே சுணங்குகிறது என்று தேடிப் பிடிப்பதும் நான்தான்.

கடலோரக் காற்றைக் கணிக்கும் புது நிரலை எழுதியவருக்கு நாங்கள் வைத்த பெயர் அரைவார்த்தை. "காலையில கொஞ்சம்..." என்று நிறுத்திவிடுவார், மீதியை நாம்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். அந்த நிரல் அவருடைய எட்டு வருட உழைப்பு. பிற்பகல் மூன்று மணிக்குக் கருவிகளிலிருந்து அளவுகள் வந்து சேரும்; நான்கு மணிக்கு, இரவு மீன்பிடிக்கப் போகும் படகுகள் கிளம்பிவிடும். நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் முடிந்தால்தான் சொல்லிப் பயன். என் கணக்கு நாற்பத்தொன்று. ஓடியதோ ஐம்பத்தெட்டு.

"படகு போனப்புறம் காத்து எப்படின்னு சொல்லி யாருக்கு லாபம்?" என்றார் இயக்குநர் அம்மா.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கோ ஆடத் தெரியும் என்ற திமிர் வேறு. பக்கத்துப் பக்கத்துக் கணினிகள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் பகுதிதான் சுணங்குகிறது என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். அரைவார்த்தை மூன்று வாரம் அந்தப் பகுதியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். அரை நிமிடம்கூடக் குறையவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் பழைய நிரலுக்கே திரும்பிவிடுவது என்று அம்மா முடிவெடுத்தார்.

புதன்கிழமை, சும்மா இருக்க முடியாமல், குறைந்த கணினிகளில் ஓட்டிப் பார்த்தேன். பதினாறில் என் கணக்குக்கு மேல் நான்கு நிமிடம். முப்பத்திரண்டில் எட்டு. அறுபத்து நான்கில் பதினேழு. ஆள் இரட்டித்தால் தாமதமும் இரட்டிக்கிறது!

மண்டைக்குள் குடைச்சல் ஆரம்பித்துவிட்டது. அரைவார்த்தையின் நிரலில் ஒரு கணினி தன்னைச் சுற்றியுள்ள நாலு பேரோடுதான் பேசும். ஊரில் ஆயிரம் வீடு வந்தாலும் நம் பக்கத்து வீடு நாலுதானே? அங்கே தாமதம் இப்படி வளராது. எல்லோரும் ஒரே வாசலில் வரிசை கட்டினால்தான், ஆள் கூடக் கூட வரிசை நீளும். அந்த வாசல் எங்கே? அவருடைய நிரலை வரிவரியாகத் துருவினேன். அப்படி ஒரு வாசலே இல்லை.

அன்று மாலை வீட்டில் கணவர் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார். அவர் பேருந்து ஓட்டுநர். முதலில் வீட்டுக்கு வருபவர் சமைக்க வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். எனக்கு அகோரப் பசி. மூடியைத் திறந்து ஒரு கிழங்கைக் குத்திப் பார்த்தேன். இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் திறந்தேன்.

"ஏம்மா, இப்படித் திறந்து திறந்து பாத்தா ஆவியெல்லாம் போயிடுது. அப்புறம் எப்ப வேகும்?"

"வெந்துச்சான்னு பாக்க வேண்டாமா?"

"நீ பாக்காம இருந்திருந்தா இந்நேரம் வெந்திருக்கும்."

மூடியும் கையுமாக அப்படியே நின்றேன். ஒவ்வொரு கணினியும் ஒவ்வொரு கட்டம் முடிந்ததும், எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எழுதிவைக்கும்படி ஆறு வரிகளை நான் முதலிலிருந்தே நிரலுக்குள் நுழைத்திருந்தேன். அளக்காமல் எப்படிக் கணக்குப் பார்ப்பது? ஆனால் எல்லோரும் எழுதுவது ஒரே கோப்பில். ஒருவர் எழுதி முடிக்கும்வரை மற்றவர் நிற்க வேண்டும். அப்படி நின்றவர் பிந்தி வர, அவரோடு பேச வேண்டிய பக்கத்து வீட்டுக்காரரும் காத்திருந்திருக்கிறார். அந்தக் காத்திருப்பைத்தான் நான் அரைவார்த்தையின் தலையில் கட்டியிருந்தேன். வாசலைக் கட்டியவள் நான்.

கிழங்கு வெந்தது. எனக்குப் பசி போய்விட்டது.

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அரைவார்த்தையின் மேசைக்குப் போனேன். காரணம் சொல்லாமல் ஆறு வரிகளையும் எடுத்துவிட்டு நிரலை ஓடவிட்டேன். இனி உள்ளே நடப்பது எதுவும் எங்களுக்குத் தெரியாது. சுவர்க் கடிகாரம் மட்டும்தான் துணை.

"இப்ப எது வரைக்கும்..." என்றார்.

"தெரியாதுண்ணா. பாக்கக் கூடாது."

எட்டிப் பார்க்கத் துடித்த கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று நாற்பத்தொன்றுக்கு முடிவு திரையில் வந்து விழுந்தது.

என் கணக்கு நிமிடம் பிசகாமல் பலித்திருந்தது. இவ்வளவு துல்லியமாக நான் எதையும் சொன்னதில்லை. இவ்வளவு வெட்கப்பட்டதும் இல்லை.

"அண்ணா, தப்பு உங்க நிரல்ல இல்ல. அளக்கறதுக்காக நான் போட்ட ஆறு வரியிலதான். உங்க மேல பழி போட்டுட்டேன். மன்னிச்சிடுங்க."

அவர் திரையைப் பார்த்தபடியே, "மூணு வாரமா என் பொண்ணுகிட்டகூட நான் முகம் கொடுத்துப் பேசல" என்றார்.

அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் முழு வாக்கியம் அது.

"வாங்கண்ணா, அம்மாகிட்ட போவோம். உங்களை வெச்சுக்கிட்டே நான் சொல்லணும்" என்று எழுந்தேன்.

அவர் எழவில்லை. கடிகாரத்தைக் காட்டினார்.

"முதல்ல படகுக்கு..." என்றார்.

மீதியை நிரப்பிக்கொண்டு, காற்றின் விவரத்தைத் துறைமுகத்துக்கு அனுப்பினேன். நான்கு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.