துப்பாக்கி பீரோவின் நம்பர்

எங்கள் துப்பாக்கி பீரோவைத் திறக்கும் நம்பர், எங்கள் மகன் டிராவிஸ் பிறந்த தேதியாகத்தான் இருந்தது. போன வருஷம் மே மாதம் என் வீட்டுக்காரன் வெர்லின் அதை மாற்றிவிட்டான். புது நம்பரை என்னிடம் சொல்லவில்லை. பனியில் வண்டி கவிழ்ந்து டிராவிஸ் இறந்து அப்போது நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடமிருந்து அவன் பிறந்த தேதியையும் பிடுங்குகிறானே என்று எனக்கு வயிறு எரிந்தது.

கேட்டதற்குச் சட்டத்தைக் காட்டினான்.

வெர்லினுக்கு இடது கை மணிக்கட்டோடு போய்விட்டது. வைக்கோல் கட்டும் எந்திரத்தின் வேலை. ஆட்டுக்குட்டிகளைத் தேடி நரி வந்தால் ஒற்றைக் கையால்தான் சுட வேண்டும். அதற்காகக் கைத்துப்பாக்கியின் பின்னால் ஒரு பட்டை மாட்டியிருந்தான். முன்கையைச் சுற்றி இறுக்கிக்கொண்டால் குறி ஆடாது. பத்து வருஷம் அந்தப் பட்டையை யாரும் குற்றம் சொல்லவில்லை. திடீரென்று வாஷிங்டன் அரசாங்கத்துக்காரர்கள், பட்டை வைத்தால் அது கைத்துப்பாக்கியே இல்லை, குட்டை ரைஃபிள் என்றார்கள். கழற்றி எறி, அல்லது மே முடிவதற்குள் பதிவு செய் என்றார்கள். வெர்லின் பதிவு செய்தான்.

"பதிவு என் பேர்ல மட்டும்தான் இருக்கு, லோர்னா. நான் இல்லாதப்ப நீ பீரோவைத் திறக்க முடியும்னாலே அது உன்கிட்ட இருக்குற மாதிரிதானாம். உன்னைப் புடிச்சு உள்ள போட்டுடுவாங்க."

"தினமும் உனக்குப் பட்டையைக் கட்டிவிடறதே நான்தானே? அப்ப அது யார் கை?"

"நான் பக்கத்துல இருந்தா பரவாயில்லையாம்."

"நல்லா இருக்குடா உன் சட்டம்!"

வீட்டுப் பத்திரம், டிராவிஸின் சான்றிதழ்கள் எல்லாம் அந்த பீரோவுக்குள்தான் இருந்தன. எது வேண்டுமென்றாலும் அவனைக் கூப்பிட வேண்டும். நம்பரை மறைக்க இன்னொரு கை இல்லாததால் எனக்கு முழு முதுகையும் காட்டிக்கொண்டு நிற்பான். கட்டின பெண்டாட்டியைத் திருடி போல நடத்துகிறானே என்று ஒவ்வொரு முறையும் அவமானமாக இருக்கும்.

இந்த ஜூன் மாதம் பக்கத்துப் பண்ணை ஆர்லோ சிரித்துக்கொண்டே வந்தான்.

"கேட்டியா வெர்லின்? பட்டைச் சட்டத்தைக் கோர்ட்டு தூக்கிக் குப்பையில போட்டுடுச்சு. நான் பதிவே பண்ணலயே, கால்மேல கால் போட்டுல்ல உக்காந்திருந்தேன். நீதான் அவசரக்குடுக்கை."

"சரி, காப்பியைக் குடி."

"ஒரு கடுதாசி போட்டா பதிவை எடுத்துடுவாங்களாம். பாவம் லோர்னா, இனிமேலாவது நம்பரைச் சொல்லித் தொலை."

வெர்லின் முகத்தில் சந்தோஷமே இல்லை. ஒரு வாரம் பொறுத்தேன். இரண்டு வாரம் பொறுத்தேன். அவன் நம்பரைச் சொல்லவில்லை. கடைசியில் அந்தக் கடிதத்தை நானே எழுதி, மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவன் முன்னால் வைத்தேன்.

"கையெழுத்துப் போடு."

பேனாவை எடுத்தான். ஆனால் போடவில்லை.

"சட்டமே போயிடுச்சு. இன்னும் உனக்கு என்ன வெர்லின்?"

"நான் சட்டத்துக்காக மாத்தல," என்றான். "போன வருஷம் மார்ச் மாசம் நீ இங்கதான் பாத்திரம் கழுவிட்டு இருந்தே. டிராவிஸ் போன இடத்துக்கே நானும் போயிடறேன்னு சொன்னே. என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. உன்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியல. ஊரெல்லாம் அந்தச் சட்டத்தைப் பத்தியே பேச்சா இருந்துச்சு. அதைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன்."

அப்படிச் சொன்னதே எனக்கு நினைவில்லை. மனதுக்குள் ஆயிரம் தடவை சொன்னது, ஒரு தடவை வாய்வழியே வந்துவிட்டது போல. ஒரு வருஷமாக நான் திட்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டு சட்டத்தின் பின்னால் ஒளிந்து நின்றிருக்கிறான், இந்த மடையன். அவன்மேல் கோபப்படப் பார்த்தேன். வரவில்லை.

"இப்ப அந்த நெனப்பு இல்லேன்னு சொல்லு," என்றான். "சொன்னா போதும். கையெழுத்தும் போடறேன், நம்பரையும் சொல்லிடறேன்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சர்ச்சுக்குப் போனால் கேட்கிறவர்களுக்கெல்லாம் நன்றாக இருக்கிறேன் என்று வாராவாரம் சொல்கிற வாய்தான். ஆனால் அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடிதத்தை இழுத்து நான்காக மடித்தேன்.

"இப்ப வேண்டாம், வெர்லின். நான் கேட்டாலும் சொல்லாதே," என்றேன். "என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

அவன் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தான். வண்டிச் சாவி சட்டைப் பையில்தான் இருந்தது. அவனோ அதை மேஜைமேல் தேடிக்கொண்டிருந்தான். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.