பவளத்தின் டோக்கன் நம்பர்

எங்கள் கம்பெனியில் சூப்பர்வைசர்கள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டோக்கன் நம்பரைச் சொல்வார்கள். கேன்டீன் கூப்பனிலும் பஸ் பட்டியலிலும் அந்த நம்பர்தான் இருக்கும். என்னுடையது 1342. ஓசூர் பக்கம் மத்திகிரியில் என்னோடு ஒரே அறையில் இருந்த லிபியாவுடையது 1206.

லிபியாவுக்கு ஊர் குளச்சல். பிளஸ் டூ முடித்துவிட்டு வந்தவள். பைக்குக்கு மீட்டர் பூட்டும் லைனில் இருந்தாள். நான் பி.எஸ்சி. வேதியியல். அதே கம்பெனியில் முலாம் பூசும் பிரிவின் லேப். இரண்டு பேருமே டிரெய்னி. மூன்று வருடம் டிரெய்னிங், அதன் பிறகு நிரந்தரம் என்று சேரும்போது சொல்வார்கள். மூன்று வருடம் முடிந்ததும் ஒரு சான்றிதழும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பிவிட்டு அடுத்த பேட்சை எடுப்பார்கள். லிபியாவுக்கு 2009 மார்ச்சில் மூன்று வருடம் முடிகிறது. அவளுடைய தங்கை நாகர்கோவிலில் நர்சிங் முதல் வருடம். படிக்க வைப்பது லிபியா.

"எனக்கு கடிகாரம் வேண்டாம் பிள்ளே. வீட்டுல மணி பாக்க ஆளில்ல" என்பாள்.

ஜெகதீஷ் மெயின்டனன்ஸில் நிரந்தரத் தொழிலாளி. காரிமங்கலம் பக்கம். அவருக்குப் பேச வரும். கேன்டீனில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே பேசுவார். பத்துப் பேர் சாப்பாட்டை மறந்து கேட்பார்கள். 2008 தீபாவளி முடிந்ததும் ஆர்குட் இணையதளத்தில் ஒரு கம்யூனிட்டி தொடங்கினார். 'ஓசூர் டிரெய்னிகள் உரிமைக் குழு' என்று பெயர் வைத்தார். மூன்று வருடம் முடித்த எல்லோரையும் நிரந்தரமாக்க வேண்டும் என்பது கோரிக்கை.

ஒரு நாள் லேபில் வெப்பமானி பழுது பார்க்க வந்தவர் என்னிடம் கேட்டார்.

"டைப்பிங் வருங்களா?"

"லோயர் முடிச்சிருக்கேன்."

"அது போதும். நான் பேசறேன், நீங்க எழுதிப் போடுங்க. எனக்கு ஒவ்வொரு எழுத்தா தேடி அடிக்கறதுக்குள்ள ஷிஃப்ட் முடிஞ்சிருது."

எனக்குப் பத்துப் பேர் முன்னால் வாய் திறக்க வராது. எழுதுவது வேறு. யார் எழுதியது என்று யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். குழுவுக்கென்று ஒரு பொது ஐடி உருவாக்கினோம். பாஸ்வேர்டு எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரியும்.

முதல் ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடியும். மூன்று மணிக்குப் பாகலூர் ரோட்டில் நாராயணம்மாவின் பிரவுசிங் சென்டருக்குப் போவேன். லிபியாவும் துணைக்கு வருவாள். நாராயணம்மா தெலுங்குக்காரர். தமிழில் திட்டுவார்.

"இன்னைக்கும் மீட்டிங்கா? ஒரு சேர்ல ரெண்டு பேர் உக்காராதீங்கம்மா. போன வாரம் ஒரு சேர் போச்சு. உங்க உரிமையில என் சேரும் சேத்தி எழுதுங்க."

தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துப் போடுவேன். கேன்டீனில் ஜெகதீஷ் பேசியதை நான் நாலு வரியாகச் சுருக்குவேன். டிசம்பருக்குள் இருநூறு பேர் சேர்ந்தார்கள். அதில் பாதிப் பேருக்கு முகம் இல்லை. பூ, நடிகர், குழந்தைப் படங்கள்தான் இருந்தன. அவற்றில் ஒரு ரோஜாப்பூ, லைனில் இருக்கும் பெண்களைப் பற்றி அசிங்கமாக எழுதியது. இன்னொன்று ஜெகதீஷ் மேனேஜ்மென்ட் ஆள் என்று எழுதியது. பெண்கள் பயந்து விலகத் தொடங்கினார்கள்.

"உள்ள இருக்கறவன் யாரு, வெளிய இருக்கறவன் யாருன்னே தெரியலைங்க" என்றார் ஜெகதீஷ்.

நான்தான் சொன்னேன்.

"டோக்கன் நம்பர் கேக்கலாம். பேரும் நம்பரும் பதிவு செஞ்சாத்தான் உறுப்பினர். வெளியாளுக்கு நம்பர் தெரியாது."

எனக்கு அது ஒரு நல்ல சோதனையாகத் தெரிந்தது. லேபில் கரைசலில் ஒரு சொட்டு விட்டால் நிறம் மாறும், அல்லது மாறாது. அவ்வளவுதான்.

மறுநாள் கேன்டீனில் ஜெகதீஷ் தட்டோடு நின்றார்.

"நான் ராத்திரி பூரா யோசிச்சேன். இனிமே முகமூடி கிடையாது. நம்பரைப் போடறவன்தான் நம்ம ஆளு. நம்பரைப் போட பயப்படறவன் கடிகாரத்தை வாங்கிட்டு ஊட்டுக்குப் போவட்டும்."

கைதட்டினார்கள். லிபியாவும் தட்டினாள். "மூளைக்காரன்" என்றாள். என் யோசனை என்று லிபியாவிடமாவது சொல்லலாம் என்று நினைத்தேன். சின்னத்தனமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

'உறுப்பினர் பதிவு' என்று ஒரு தலைப்பு தொடங்கினோம். நெட் பழக்கம் இல்லாத பெண்கள் பஸ்ஸில் என்னிடம் சீட்டுக் கொடுப்பார்கள். கூப்பனின் பின்பக்கத்தில் பெயரும் நம்பரும் இருக்கும். நான் பொது ஐடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பதிவு செய்வேன். லிபியா சீட்டு எழுதவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்க நம்பரை மேல போடு, கண்ணுல படுற மாதிரி" என்றாள். ஐந்தாவதாகப் போட்டேன்.

என்னுடையதைக் கடைசியில் போடலாம் என்று இருந்தேன். சீட்டுகள் வந்துகொண்டே இருந்தன.

பொங்கல் விடுமுறைக்கு நான் ஊருக்குப் போகவில்லை. லிபியா போயிருந்தாள். பட்டியலில் நூற்றுப் பன்னிரண்டு பேர் ஆகியிருந்தார்கள். யாராவது இரண்டு முறை பதிவாகியிருக்கிறார்களா என்று பார்க்க, நம்பர்களை ஏறுவரிசையில் ஒரு நோட்டில் எழுதினேன். 1185. அடுத்து 1187. அதன் பக்கத்தில் ஒரு ஆண் பெயர், அசெம்பிளி பிரிவு என்று இருந்தது.

1187 பவளம். என்னோடு ஒரே பஸ்ஸில் வந்தவள். போன ஆவணியில் வேலையை விட்டுக் கல்யாணம் செய்துகொண்டாள். ஊத்தங்கரையில் நான் மொய் எழுதிவிட்டு வந்தேன். அவளுக்குப் போன் செய்தேன்.

"ஆர்குட்டா? எங்கூட்டுல டிவிக்கே இன்னும் ஒயரு இழுக்கலடி. என்னாத்துக்கு கேக்கற?"

"சும்மாதான்."

விட்டுப்போனவர்களின் நம்பரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். அது பதிவேட்டில் அப்படியே இருக்கும். பதிவேடு, ஆளெடுக்கும் பெர்சனல் ஆபீசில் இருக்கும். நம்பர் தெரிந்தவன்தான் உள்ளே வரலாம் என்று ஒரு கதவு வைத்தேன். எல்லா நம்பரும் தெரிந்தவர்கள் நம்பரைக் கொடுப்பவர்கள்தானே. இது எனக்கு ஏன் அதுவரை தோன்றவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை. நம்பர் எங்களுடையது என்று அவ்வளவு நம்பியிருந்தோம்.

ஜெகதீஷுக்குப் போன் செய்தேன்.

"பவளம் நம்பர்ல யாரோ உள்ள வந்திருக்காங்க. ஆபீஸ் ஆளாத்தான் இருக்கணும். மொத்தப் பட்டியலையும் பார்த்திருப்பாங்க. அழிச்சிடட்டுமா?"

"எதை அழிக்கறது?"

"பதிவு பூரா."

"ஏங்க, நீங்க படிச்சவங்கதானே. சனிக்கிழமை பேப்பர்காரர் வர்றாரு. நூத்திப் பன்னெண்டு பேருன்னு சொல்லி வச்சிருக்கேன். வெறும் பக்கத்தையா காட்டுவேன்?"

"டிரெய்னிகளோட நம்பரை மட்டுமாவது எடுக்கலாம். லிபியாவுக்கெல்லாம் மார்ச்சுல முடியுது."

"அவங்களுக்காகத்தானே பண்றோம்? அவங்களை எடுத்துட்டா நான் யாருக்குத் தலைவரு? நூத்திப் பன்னெண்டு பேரை ஒண்ணா என்ன பண்ணிடுவான்? சனிக்கிழமை வரைக்கும் கை வைக்காதீங்க. நான் சொல்றேன்."

போனை வைத்துவிட்டார். பொது ஐடியில்தான் இருந்தேன். ஒவ்வொரு பதிவின் கீழும் அழிப்பதற்கான பொத்தான் இருந்தது. ஐந்தாவது பதிவின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தேன். ஒன்றை மட்டும் அழித்தால் மற்றவர்கள் ஏன் என்று கேட்பார்கள். எல்லாவற்றையும் அழித்தால் கேன்டீனில் ஜெகதீஷ் என் பெயரைச் சொல்வார். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

"டைம் ஆச்சும்மா" என்றார் நாராயணம்மா.

வெளியே வந்துவிட்டேன்.

சனிக்கிழமை பேப்பர்காரர் வரவில்லை. அன்று சானமாவு காட்டிலிருந்து யானைகள் ரோட்டுக்கு வந்துவிட்டன. அவர் அங்கே போய்விட்டார். மறுநாள் பேப்பரில் ஒன்பது யானைகளின் படம் வந்தது.

திங்கட்கிழமை எங்களுக்கு இரண்டாம் ஷிஃப்ட். ஒன்றரை மணிக்கு பஸ் கேட்டுக்கு வெளியிலேயே நின்றது. செக்யூரிட்டி ஒரு தாளை வைத்துக்கொண்டு நம்பர் வாசித்தார். வாசித்த நம்பருக்கு உரியவர்கள் ஓரமாக நிற்க வேண்டும். 1251, 1198, 1310, 1206. நம்பர் வரிசையில் வாசிக்கவில்லை. நான் பதிவு செய்த வரிசையில் வாசித்தார். இடையில் நிரந்தரத் தொழிலாளிகளை மட்டும் விட்டுவிட்டார். அடுத்து எந்த நம்பர் வரும் என்று ஒவ்வொன்றுக்கும் எனக்குத் தெரிந்திருந்தது. 1342 வராது என்பதும் தெரிந்திருந்தது.

எழுபத்தொரு டிரெய்னிகள். எல்லோர் கையிலும் ஒரு கவர். பயிற்சிக் காலம் நிறைவடைந்தது, வாழ்த்துகள் என்று இருந்தது. கடிகாரம் இல்லை.

"மீதி ஆளு உள்ள போங்கம்மா, லேட் போடுவாங்க" என்றார் செக்யூரிட்டி.

லிபியா திரும்பி என்னைப் பார்த்தாள். "நீ போ. உன்னைக் கூப்பிடல்ல, லேப்புல ஆளு வேணும்லா. நிக்காத, போ" என்றாள். நான் உள்ளே போனேன்.

ஜெகதீஷுக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். நிரந்தரத் தொழிலாளி என்பதால் அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. கேட்டுக்கு வெளியே கவரோடு நின்ற பெண்களை அவர் போனில் படம் எடுத்திருந்தார். அன்றே கம்யூனிட்டியில் போட்டார். ஒரு வாரத்தில் நானூறு பேர் சேர்ந்தார்கள். சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் நியூஜெர்சியிலிருந்தும் சேர்ந்தார்கள். 'தோழருக்கு வணக்கம்' என்று எழுதினார்கள். அவர்களிடம் யாரும் நம்பர் கேட்கவில்லை.

லிபியா ஊருக்குப் போகவில்லை. அறையிலேயே இருந்து வேலை தேடினாள். முதல் வாரம் துணியெல்லாம் துவைத்தாள். இரண்டாம் வாரம் என் துணியையும் துவைத்தாள்.

"அந்த நம்பர் யோசனை எவனுக்க மண்டையில உதிச்சுதோ, அவன் நல்லா இருக்கட்டு" என்றாள் ஒருநாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். தண்ணீரை இன்னொரு முறை மாற்றினேன்.

பிப்ரவரி கடைசியில் சூளகிரியில் புதிதாக வந்த ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனாள். மூன்று மணிக்குத் திரும்பி வந்து செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"கை வேகமெல்லாம் கொள்ளாம், நல்லா இருக்குன்னு சொன்னாவ. பிறகு அந்த ஆபீசர் கம்ப்யூட்டரை எனக்க பக்கம் திருப்பிக் காட்டுனாரு. எனக்க பேரு, நம்பரு, உரிமைக் குழு, எல்லாம் இருக்கு. இது நீதானாம்மான்னு கேட்டாரு. என்ன சொல்ல?"

"என்ன சொன்ன?"

"நான்தான்னு சொன்னேன். நல்ல மனுசன் மக்கா. நான் பாத்ததை எங்க மேனேஜரும் பாப்பாரு, திங்கக்கிழமை அவர் வர்றதுக்குள்ள அதை எடுத்திருன்னு சொன்னாரு. நீதானே போட்ட. எடுத்திரு. அது போனா எனக்கு வேலை."

உடனே பாகலூர் ரோட்டுக்குப் போனேன். பொது ஐடி திறக்கவில்லை. பாஸ்வேர்டு தவறு என்று வந்தது. மூன்று முறை அடித்தேன். என் சொந்த ஐடியில் போனால் அழிக்கும் பொத்தான் இல்லை. ஜெகதீஷுக்குப் போன் செய்தேன்.

"பாதுகாப்புக்காக மாத்திட்டேங்க. உங்களுக்கும் நல்லதுதானே."

"லிபியா நம்பரை மட்டும் எடுத்துடுங்க. சூளகிரியில வேலை கிடைக்கப் போகுது. அதைப் பார்த்துட்டாங்க."

"எப்புடிங்க எடுக்கறது? அந்தப் பதிவை அறுநூறு பேரு பாக்கறாங்க. எழுபத்தொரு பேரை வெளிய தள்ளினான்னு எழுதியிருக்கேன். ஒருத்தன் எண்ணிப் பாத்து எழுபதுதான் இருக்குன்னா? அது நமக்கு ஆதாரம்."

"அவளுக்கு வேலைங்க."

"ஒரு ஆளுக்காகப் பாத்தா இயக்கம் நடத்த முடியாது சுப்ரியா. அவங்க கிட்ட நான் பேசறேன். பெருமைப்படணும்னு சொல்லுங்க." பிறகு, "இந்த நம்பர் யோசனையே உங்களுதுதானே. நான் யார்கிட்டயும் சொல்லலியே" என்றார்.

போனை வைத்துவிட்டேன்.

அறைக்கு வந்தேன். லிபியா திங்கட்கிழமைக்காகச் சுடிதாரை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மின்சாரம் போவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"அழிச்சியா?"

"அழிச்சிட்டேன்."

"நல்லா பாத்தியா? திரும்ப வராதே?"

"வராது."

துப்பட்டாவை எடுத்து விரித்தாள். அவள் இதுவரை ஒரு முறைகூடத் தனியாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததில்லை. நான் சொன்னால் அது அப்படித்தான்.

"உனக்க நம்பரையும் சேத்து அழிச்சிட்ட இல்லியா?" என்றாள். "உனக்கும் நாளைக்கு ஒரு வேலைக்குப் போகணும்லா."

"ம்" என்றேன்.