மேலாளரைத் தாங்கியவள்

"விழறேன்... பிடிச்சுக்கோங்க!"

மேசை மேல் நின்ற மேலாளர், கண்ணை இறுக மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய்ந்தார். கீழே இரண்டு வரிசையாகக் கை நீட்டி நின்ற சரக்குப் பதிவுப் பிரிவு, சொல்லி வைத்தாற்போல விலகியது.

பொறுப்பம்மா மட்டும் பாய்ந்தாள். அந்தப் பருத்த உடம்பு அவள் மேல் மூட்டையாக இறங்கியது. தோள்பட்டை 'மளுக்' என்றது.

"கை தட்டுங்க! நம்பிக்கைப் பயிற்சி சக்சஸ்!" என்று கூவினான் பயிற்சியாளன். மேலாளருக்கு மச்சான். கையில் மைக், உடம்பில் அக்கா புருஷனின் பழைய கோட்டு. எந்த வேலையிலும் ஒரு மழைக்காலம் தாண்டாதவன், காலையிலிருந்து ஊருக்கெல்லாம் முன்னேற வழி சொல்லிக்கொண்டிருந்தான். "தலைவன் பிறக்கறதில்லை, செதுக்கப்படறான்!"

இவனைச் செதுக்கியவன் பாதியிலேயே உளியைப் போட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டும் என்று பொறுப்பம்மா நினைத்துக்கொண்டாள்.

மூன்று வருடமாகப் பிரிவுத் தலைவர் நாற்காலியில் அவள்தான் 'பொறுப்பு'. பெயரே அப்படி ஒட்டிக்கொண்டது. வேலை முழுசு, பதவி மட்டும் நாளைக்கு, நாளைக்கு. இந்தப் பயிற்சியில் தலைமைக் குணம் காட்டுபவருக்கே பதவி என்று மேலாளர் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் கூடம் பிடித்து, நாற்காலி போட்டு, இந்தக் கோட்டுக்காரனுக்குத் திரையில் காட்டப் படங்கள்கூடச் செய்து கொடுத்திருந்தாள். இப்போது மேலாளரையும் சுமந்தாயிற்று.

மேலாளர் வழுக்கையைத் தடவிச் சரிசெய்துகொண்டார். "நீ இருக்கற தைரியத்துல நான் எங்க வேணும்னாலும் விழுவேம்மா."

"அதான் சார் பயமா இருக்கு."

தேநீர் இடைவேளை. தோளைத் தேய்த்தபடி தன் ஆட்களிடம் போனாள்.

"ஏண்டா எருமைங்களா, ஒரு மனுஷன் விழறான், ஒதுங்கி நின்னு வேடிக்கையா பாப்பீங்க?"

எல்லோரும் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். ஒல்லி என்று அவர்கள் கூப்பிடும் பதிவு குமாஸ்தா மட்டும் வாயைத் திறந்தான்.

"வேணும்னுதான் ஒதுங்கினோம்க்கா. நீங்க ஏன் பாஞ்சீங்க?"

"பதவிக்குத்தாண்டா. பின்னே, அந்தாளு மேல பாசமா?"

ஒல்லி காகிதக் கோப்பையைக் கசக்கினான். "உங்ககிட்ட மூச்சு விட்டா வேலை போயிடும்னு மிரட்டி வெச்சிருக்காருக்கா. ஏற்பாடெல்லாம் நீங்க பண்ணி முடிக்கணுமே..."

"மென்னு முழுங்காதே. துப்பு."

"போன வாரமே ஆர்டர் போட்டாச்சு. உங்க நாற்காலி அந்த மச்சானுக்கு."