பதினோரு சீட்டுகள்

விருதுக் கடிதத்தை இஸ்க்ரா வெல்கோவா ஒரு முறைதான் படித்தாள். பிறகு அதை நான்காக மடித்துச் சர்க்கரை டப்பாவின் அடியில் வைத்துவிட்டு, ஆறிப்போன காபியின் எதிரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். 'ஆண்டின் மிகச் சிறந்த ஆசிரியர்.' அந்த மருத்துவப் பல்கலைக்கழகத்தில் அவள் மருந்தியல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து இருபத்தாறு வருடங்கள் ஆகின்றன. அவற்றில் அவள் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்காத வருடம் இதுதான்.

நவம்பரில் அவள் கணவன் போயானை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இதயம், அதன் பின்னாலேயே சிறுநீரகம். அவன் கட்டிலருகே இரவைக் கழித்துவிட்டு, காலையில் டிராலிபஸ் பிடித்து வகுப்புக்கு வருவாள். திரையில் ஓடுவதை இருபது நிமிடம் வாசிப்பாள். போகலாம் என்பாள். கேள்வி இருக்கிறதா என்று கேட்க மாட்டாள். யாராவது இருக்கிறது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

அதற்கு முந்தைய இருபத்தைந்து வருடங்களும் வேறு மாதிரியானவை. அவளிடம் நாற்பத்திரண்டு தேர்வுச் சீட்டுகள் இருந்தன. அட்டையில் தன் கையாலேயே எழுதி வெட்டியவை. ஓரம் நைந்தவற்றை ஒவ்வொரு டிசம்பரிலும் புதிதாக எழுதுவாள். தேர்வன்று அவை மேஜைமேல் குப்புறக் கிடக்கும். மாணவன் வந்து ஒன்றை எடுத்துக்கொண்டு, பின்பெஞ்சில் இருபது நிமிடம் யோசித்துவிட்டு, அவள் எதிரில் வந்து பேச வேண்டும். பேசி முடித்ததும் அவள் ஒரே ஒரு சொல் கேட்பாள்: "ஏன்?" கேட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்து, முழுதாக ஒரு நிமிடம் வாய் திறக்காமல் இருப்பாள். மனப்பாடம் செய்து வந்தவர்கள் அந்த நிமிடத்தில்தான் உடைவார்கள். பாதிப்பேர் இரண்டு வாங்கிக்கொண்டு, அதாவது தோற்றுப்போய், செப்டம்பரில் மறுபடி வருவார்கள். அந்த ஒரு நிமிடத்துக்காகவே அவளை வெறுத்தார்கள். தேர்வு முடிந்ததும் மாணவர்கள் நிரப்பும் கருத்துப்படிவத்தில் ஆறுக்கு மூன்றரையை அவள் தாண்டியதே இல்லை.

புதிதாக எழுதலாம் என்றுதான் டிசம்பரில் சீட்டுகளை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனாள். கட்டிலருகே இருந்த சின்ன அலமாரியில் அவை பரப்பிக் கிடந்தபோது ம்லாதென் என்ற இளம் டாக்டர் உள்ளே வந்தான். அவள் இரண்டு முறை தோற்கடித்த பையன். போயானின் மருந்துச் சீட்டைப் பார்த்தான், ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தான், யாரும் கேட்காமலே அளவைப் பாதியாக அடித்துத் திருத்தினான்.

"சிறுநீரகம் பாதிதான் வேலை செய்யுது. முழு அளவு குடுத்தா மருந்து உள்ளயே தங்கி விஷமாயிடும்," என்றான். பிறகு அலமாரியைப் பார்த்துச் சிரித்தான். "பதினேழாம் சீட்டு, மேடம். அதுல ரெண்டு தடவை ஊத்திக்கிட்டேன். செத்தாலும் மறக்காது."

"அப்ப என்னைத் திட்டியிருப்பே."

"திட்டறதா? படிவத்துல உங்களுக்கு ரெண்டுதான் போட்டேன். ரெண்டுக்குக் கீழ போட அதுல இடமில்லை, அதனால."

போயான் கட்டிலில் கிடந்தபடியே சிரித்தான். அவன் சிரித்து அவள் பார்த்தது அதுவே கடைசி. ஜனவரி பத்தொன்பதில் இறந்துபோனான். பையில் இருந்த சீட்டுகளோடு வீட்டுக்கு வந்தவள், அலமாரியில் விட்டவற்றை எடுக்கத் திரும்பிப் போகவில்லை. அந்த வாசலை மிதிக்க அவளால் முடியவில்லை.

எட்டு நாள் கழித்துத் தேர்வு. மேஜைமேல் சீட்டுகளைப் பரப்பியபோதுதான் பார்த்தாள், பதினொன்றுதான் இருந்தன. புதிதாக எழுதப் பேனாவை எடுத்தாள். எழுதாமலே மூடி வைத்தாள். முதலில் எழுந்து போன மாணவிகள் வெளியே கதவருகில் நின்று என்ன சொல்லியிருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். எந்தக் கதவருகிலும் தங்களுக்கு வந்த கேள்வியைத்தான் சொல்வார்கள். பதினோராவது ஆளுக்குப் பிறகு வந்த எல்லோரும் பதினோரு பதில்களோடு வந்தார்கள். அவள் ஏன் என்று கேட்கவில்லை. ஒவ்வொருவருடைய மதிப்பெண் புத்தகத்திலும் ஆறு எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எண்பத்துநான்கு ஆறுகள்.

விருதுக் கடிதம் வந்த மறுநாள் துணை டீன் க்ரஸ்தியோ மனோலோவின் அறைக்குப் போனாள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"வா வா, மகாராணி! உட்காரு. சாக்லேட் எடுத்துக்க, சாப்பிடத்தான் வச்சிருக்கேன், வேடிக்கை பார்க்க இல்லை."

"க்ரஸ்தியோ, இதை என்னால வாங்க முடியாது. இந்த வருஷம் நான் பாடமே நடத்தலை."

"யாரு சொன்னா? நீ நடத்தினேன்னு எம்பத்திநாலு பசங்க சொல்றாங்க. அஞ்சு புள்ளி ஒம்பது! கடவுளே வந்து வகுப்பெடுத்தாலும் நம்ம பசங்க அஞ்சுக்கு மேல போட மாட்டானுங்க."

"பதினோரு சீட்டு வச்சுத் தேர்வு நடத்தினேன். மிச்சம் தொலைஞ்சுபோச்சு."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

அவன் இழுப்பறையிலிருந்து ஒரு கோப்பை எடுத்து அவள் பக்கம் தள்ளினான். விருதுக்கான விண்ணப்பம். ஆசிரியரே தன் கற்பித்தல் முறையைப் பற்றி எழுதித் தர வேண்டிய இரண்டு பக்கங்கள். அவள் எழுதாத இரண்டு பக்கங்கள். 'மாணவர்களின் மன அழுத்தத்தைக் கருத்தில் கொண்டு, தேர்வுச் சீட்டுகளை நாற்பத்திரண்டிலிருந்து பதினொன்றாகத் துணிந்து குறைத்தேன். அச்சம் நீங்கியதால் தேர்ச்சி முழுமையடைந்தது.' கீழே அவளுடைய கையெழுத்து.

"என் கையெழுத்தை நீயே போட்டியா?"

"படிக்கிற காலத்துல உனக்குப் பதிலா வருகைக் கையெழுத்து போட்டவன் யாரு? விரல் மறக்கலை." அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் குரலைத் தாழ்த்தினான். "இதைக் கேளு. ஓய்வுக்கு அனுப்பறவங்க பட்டியல் ஒண்ணு ரெக்டர் மேஜையில இருந்துச்சு. அதுல முதல் பேரு உன்னோடது. வருஷா வருஷம் மூணரை வாங்கினா வேற யாரோடதா இருக்கும்? வீட்டுல போயான் இல்லை, இங்க வேலையும் இல்லைன்னா நீ என்ன பண்ணுவே? அதான் எழுதினேன். நீ பட்டது போதும், நாலு பேரு உனக்குக் கை தட்டட்டும்னு பார்த்தேன்."

அவள் ஜன்னலுக்கு வெளியே லிண்டன் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதில் அன்பு இருந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"இன்னொண்ணும் இருக்கு," என்றான் க்ரஸ்தியோ, அவள் முகத்தைப் பார்க்காமல். "ரெக்டருக்கு இது ரொம்பப் பிடிச்சுப்போச்சு. வர்ற வருஷத்துலேர்ந்து எல்லாத் துறையிலயும் பதினொண்ணுதானாம்."

"எல்லாத் துறையிலயுமா? உடற்கூறியல்லயுமா?"

"உடற்கூறியல்லயும்தான்."

"மனுஷ உடம்புல பதினோரு இடம்தான் இருக்கா?"

"மெதுவாப் பேசு. அந்த ஆளு காதுல விழுந்தா அதையும் எழுதிக்குவான்."

பள்ளி, கல்லூரிகள் கொண்டாடும் எழுத்துகளின் திருநாளுக்கு முந்தைய நாள், மே இருபத்துமூன்று, பெரிய அரங்கில் விழா. எங்கும் பியோனிப் பூக்களின் வாசனை. இஸ்க்ரா கறுப்பு உடையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். காலையில் கிளம்பும்போது கட்டிடக் கதவில் ஒட்டியிருந்த போயானின் நாற்பதாம் நாள் நினைவு அறிவிப்பைப் பார்த்தாள். மழையில் நனைந்து வெளுத்து, படத்தில் முகமே இல்லாமல் போயிருந்தது. சட்டைக் காலர் மட்டும் மிச்சமிருந்தது.

ரெக்டர் அவள் பெயரைச் சொன்னார். பதினோரு சீட்டு முறை எல்லாத் துறைகளுக்கும் விரிவாக்கப்படும் என்றார். கண்ணாடியில் செய்த ஒரு திறந்த புத்தகத்தை அவள் கையில் கொடுத்தார். அதன் பக்கங்களில் எதுவும் எழுதியிருக்கவில்லை. அவள் மைக்கின் முன் நின்றாள்.

"முறைன்னு எதுவும் கிடையாது," என்றாள். "என் கணவர் செத்துக்கிட்டிருந்தார். மிச்சச் சீட்டை ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்துட்டேன். திரும்ப எழுத எனக்குத் தெம்பு இல்லை. இந்தப் பசங்களுக்கு நான் எதுவுமே சொல்லிக்கொடுக்கலை. நோயாளி கையில மருந்து குடுக்கற அளவுக்கு இவங்களுக்கு இன்னும் தெரியாது. அந்தத் தப்பு என்னோடது. தயவுசெஞ்சு இதை யாரும் பின்பற்றாதீங்க."

பழக்கத்தால் அவள் காத்திருந்தாள். யாராவது ஏன் என்று கேட்பார்கள் என்று நினைத்தாள். மூன்றாம் வரிசையில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். பின்னாலிருந்து ஒருவர் கை தட்டினார், இன்னொருவர் சேர்ந்துகொண்டார், பிறகு அரங்கமே எழுந்து நின்றது. ரெக்டரின் கண்கள் கலங்கியிருந்தன. அவளை அணைத்துக்கொண்டு மைக்கில் சொன்னார்: "பார்த்தீங்களா? இவ்வளவு துக்கத்துலயும் எவ்வளவு அடக்கம்! ஆசிரியர்னா இவங்கதான்."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

கூட்டம் கலையும்போது வகுப்புத் தலைவி ராலிட்சா ஒரு கட்டுப் பியோனியோடு ஓடி வந்தாள். கண்மை கரைந்திருந்தது. "எல்லாரும் அழுதுட்டோம், மேடம்."

"ராலிட்சா, நான் சொன்னதைக் கேட்டியா?"

"ஒரு வார்த்தை விடாம கேட்டேன்."

"சரி. அப்ப திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு எல்லாரையும் கூட்டிட்டு வா. முதல்லேர்ந்து நடத்தறேன். போட்ட ஆறுல ஒரு புள்ளியிலகூடக் கைவைக்க மாட்டேன். ஜூலையில நீங்க வார்டுக்குப் போறதுக்குள்ள முடிச்சுடலாம்."

"கண்டிப்பா வர்றோம் மேடம்," என்று சொல்லி அவள் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டுப் போனாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் இஸ்க்ரா அட்டை வெட்டினாள். தொலைந்த முப்பத்தொன்றையும் நினைவிலிருந்து எழுதினாள். ஒன்றுகூட மறந்திருக்கவில்லை. ஜனவரிக்குப் பிறகு அப்போதுதான் பசித்துச் சாப்பிட்டாள். ரொட்டியும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும், நின்றபடியே.

திங்களன்று ஏழரைக்கே வகுப்பறையைத் திறந்து, நாற்பத்திரண்டு சீட்டுகளையும் மேஜைமேல் குப்புறப் பரப்பினாள். எட்டு ஆயிற்று. எட்டேகாலுக்குக் கதவு திறந்தது. ராலிட்சா மட்டும் வந்தாள். உள்ளே முழுதாக நுழையாமல், கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள்.

"மத்தவங்க?"

"மேடம், கோச்சுக்காதீங்க. பசங்க என்னைத்தான் போய்ச் சொல்லச் சொன்னாங்க." தரையைப் பார்த்துப் பேசினாள். "பயப்படறாங்க. மறுபடி வந்து உட்கார்ந்தா, தெரியலைன்னு வெளியில வந்துடும். அப்புறம் யாராவது தேர்வு செல்லாதுன்னுட்டா?"

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நீங்கதான் மேடையிலயே சொல்லிட்டீங்களே மேடம். நல்லவேளை, யாரும் நம்பலை."

இஸ்க்ரா ஓரத்திலிருந்த சீட்டு ஒன்றை நேராக்கி வைத்தாள்.

"உங்களுக்கும் இதுல கஷ்டம் வேணாமேன்னுதான் சொல்றோம். நீங்க எங்களுக்கு ஆறு போட்டீங்க, நாங்களும் உங்களுக்கு ஆறு போட்டோம். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுபோச்சு. அப்படியே இருக்கட்டும் மேடம்." அந்தப் பெண்ணின் குரலில் துளிக்கூடக் கெட்ட எண்ணம் இல்லை. நோயாளியைத் தேற்றும் குரல் அது. அந்தக் குரல் ராலிட்சாவுக்கு நன்றாகவே வந்தது.

"ஒரு சீட்டு மட்டும் எடு," என்றாள் இஸ்க்ரா. "ஒண்ணே ஒண்ணு. மதிப்பெண்ணுக்காக இல்லை."

ராலிட்சா மேஜையை எட்டிப் பார்த்தாள். சீட்டுகள் எத்தனை இருக்கின்றன என்று பார்த்தாள்.

"பஸ் வந்துடும் மேடம்," என்றாள். கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனாள்.

நடைவழியில் அவள் காலடிச் சத்தம் தேயும்வரை இஸ்க்ரா அசையவில்லை. வெளியே லிண்டன் மரத்தடியில் யாரோ எதற்கோ சிரித்தார்கள். ம்லாதெனைக் கூப்பிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கூப்பிட்டு என்ன சொல்வது? படிவத்தில் அவன் போட்ட இரண்டை வைத்துக்கொள்கிறேன் என்றா?

மேஜைக்கு முன்பக்கம் சுற்றி வந்து, மாணவர்கள் நிற்கும் இடத்தில் நின்று ஒரு சீட்டை எடுத்தாள். பதினேழு வரவில்லை. முப்பதுகளில் ஏதோ ஒன்று, அம்மை போட்ட குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து. பின்பெஞ்சுக்குப் போகாமல், யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளாமல் பேச ஆரம்பித்தாள். எடையைச் சொன்னாள், அளவைச் சொன்னாள், எந்த மருந்தைக் கொடுக்கவே கூடாது என்று சொன்னாள். பெரியவர்களுக்குச் சாதாரணமாக இருப்பது ஒரு குழந்தையின் ஈரலை இரண்டு நாளில் எப்படித் தின்றுவிடும் என்பதைக் கரும்பலகையில் படமாகப் போட்டாள். முதல் வருடங்களில் பேசியதைப்போலப் பேசினாள். எங்கும் தடுக்கவில்லை. இவ்வளவு நன்றாக அவள் நடத்தி வெகுநாள் ஆகியிருந்தது.

முடித்ததும் மேஜைக்குப் பின்னால் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"ஏன்?" என்று கேட்டாள்.

கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சீட்டுகளுக்கு நடுவில் வைத்தாள். எண்பத்துநான்கு இடங்களையும் பார்த்தபடி, அந்த ஒரு நிமிடம் முழுவதும் காத்திருந்தாள். பிறகு இன்னொரு நிமிடமும்.