ரெண்டு கிலோ லேப்டாப்

தேனம்மை எளிதில் அசைகிற ஆள் இல்லை. பாம்பு வந்தாலும் சரி, பத்து விருந்தாளி சொல்லாமல் வந்து நின்றாலும் சரி, முந்தானையைச் செருகிக்கொண்டு காரியத்தைப் பார்ப்பாள். ஆனால் யாராவது "பொதுவா இருக்கட்டுமே" என்று சொல்லிவிட்டால் போதும், ஆடிப்போய்விடுவாள்.

சும்மா இல்லை, காரணம் இருந்தது. ஆசைப்பட்டு ஒரு ஸ்கூட்டி வாங்கினாள். வீட்டுக்குப் பொதுவாக இருக்கட்டும் என்றார் கணவர் மெய்யநாதன். அன்றைக்குச் சாவியை வாங்கிக்கொண்டு போனான் கொழுந்தன் காசி. இன்றைக்கும் அந்த ஸ்கூட்டியில் இட்லிக் கொப்பரையும் அண்டாவும்தான் ஊரைச் சுற்றி வருகின்றன. பிறகு பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் மீனு ஒரு டேப்லெட் அனுப்பினாள். அதுவும் பொதுவாயிற்று. அண்ணனும் தம்பியும் காரைக்குடியில் நடத்துகிற பாத்திரக்கடையில், கல்லாப்பெட்டி மேல் சாய்ந்து நின்று அது காலை முதல் பழைய பாட்டுப் பாடுகிறது. யாரும் பிடுங்கவில்லை. எல்லாரும் சிரித்த முகத்தோடு, "அண்ணி, ஒரு நிமிஷம்" என்று கேட்டுத்தான் எடுத்துப் போனார்கள். சண்டை போடக்கூட வழியில்லாமல் போனதுதான் அவளுக்கு எரிச்சல்.

இந்த நிலையில்தான் லேப்டாப் வந்து சேர்ந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறம் தேனம்மை தபால் வழியில் எம்.காம். சேர்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சிவகங்கையில் வகுப்பு. எழுதுகிற கட்டுரையெல்லாம் இணையத்தில்தான் அனுப்ப வேண்டும். கொஞ்ச நாள் ஃபோனிலேயே தட்டிப் பார்த்தாள். கையகலத் திரையில் பேலன்ஸ் ஷீட் போட்டால் கடனும் சொத்தும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தன. கண் எரிந்ததுதான் மிச்சம். பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் இருந்தது. நாற்பதாயிரத்துக்குள் ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவு செய்தாள்.

"என்னங்க, லேப்டாப் வாங்கப் போறேன். கூட வாரீகளா?"

"வாங்கு, வாங்கு. நல்ல விசயந்தானே. நீ படிச்ச நேரம் போக, மிச்ச நேரம் பொதுவா..."

"பொதுவெல்லாம் கெடையாது!"

மெய்யநாதன் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அவள் குரல் உயர்ந்து அவர் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

"எனக்குன்னு இந்த வீட்டுல ஒண்ணு வேணுங்க. ஒண்ணே ஒண்ணு. ஸ்கூட்டியும் போச்சு, டேப்லெட்டும் போச்சு. இதையும் தூக்கிட்டுப் போனீகன்னா எம் படிப்பும் அதோட போயிரும். சொல்லிட்டேன்."

அவர் தலையைச் சொறிந்தார். வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றார், அவ்வளவுதான். சண்டைக்குத் தயாராக இருந்தவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

பள்ளத்தூரில் பஸ் ஏறிக் காரைக்குடியில் இறங்கினார்கள். கடையில் இருந்த பெண்ணின் பெயர் அகிலாண்டேஸ்வரி. பொறுமைக்காரி. "வாங்க ஆச்சி, வாங்க சார்" என்று உட்காரவைத்து, என்ன படிப்பு, எங்கே எடுத்துப் போவீர்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டு இரண்டு லேப்டாப்பை எடுத்து வைத்தாள்.

"ரெண்டும் ஒரே வெலதான் ஆச்சி. உள்ள இருக்குற சாமானும் ஒண்ணுதான். இது பெரிய ஸ்கிரீன், சைடுல நம்பர் கீ தனியா இருக்கு. அது சின்ன ஸ்கிரீன், ஆனா வெயிட் கம்மி. பஸ்ல கொண்டுபோக அதுதான் தோது."

மீனுவும் ஃபோனில் அதைத்தான் சொல்லியிருந்தாள். எட்டு ஜிபி ரேம் போதும், எஸ்எஸ்டி கட்டாயம், தோளில் போட்டால் தெரியாத மாதிரி லேசாகப் பார்த்து வாங்குங்கள் அம்மா என்று. தேனம்மை சின்னதைத் தொட்டுப் பார்த்தாள். மனசுக்குப் பிடித்துவிட்டது.

அதற்குள் மெய்யநாதன் எழுந்தார். ஆண்டவனே, அந்த மனிதருக்கு முப்பது வருஷப் பழக்கம். எவர்சில்வர் குடமானாலும் குத்துவிளக்கானாலும் கையில் வாங்கினால் ஒரு குலுக்குக் குலுக்கி எடை சொல்லிவிடுவார். கனமான பாத்திரம் நல்ல பாத்திரம், லேசான பாத்திரம் ஏமாற்று வேலை. அவருக்குத் தெரிந்த உலகம் அது. சின்ன லேப்டாப்பை ஒரு கையில் எடுத்தார், பெரியதை இன்னொரு கையில் எடுத்தார், இரண்டையும் ஏற்றி இறக்கிப் பார்த்தார். அகிலாண்டேஸ்வரி பதறிப்போய்க் கீழே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

"இது ரெண்டு கிலோ சொச்சம் இருக்கும். அது ஒண்ணரை தேறாது. ஒரே வெலைங்கிறீக. அப்ப அரை கிலோவுக்கு மேல நமக்கு நட்டமாம்மா?"

"சார், லேப்டாப்ல கனம் கொறையக் கொறையத்தான் நல்லது."

"அதெப்படிம்மா? நாங்க யாவாரம் பண்றோம். தகடு மெலிசாப் போனா ரெண்டு வருசத்துல நசுங்கிரும். இதைப் பாரு, எப்புடித் திண்ணுன்னு இருக்கு!"

"என்னங்க, தூக்கிட்டுப் போறது நானு" என்றாள் தேனம்மை.

"உனக்கு வாங்குறதுனாலதான் சொல்றேன். ஒழைக்கணும்ல?"

அவர் முகத்தில் துளி சூது இல்லை. மகளுக்குச் சீர்ச் சாமான் எடுத்த அன்றைக்கு இருந்த அதே பூரிப்பு. அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. பெரியதே வந்தது. பில் போடும்போது அகிலாண்டேஸ்வரி மெல்லச் சொன்னாள், கீறல் விழாமல் இருந்தால் ஒரு வாரத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று. தேனம்மை அதைக் கெட்டியாக மனசில் முடிந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அதைத் தோளில் மாட்டிக்கொண்டு சிவகங்கைக்குப் போனாள். போகும்போது வலது தோள், வரும்போது இடது தோள். இறங்கும்போது இரண்டுமே கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. லேப்டாப்பைக் குறை சொல்ல முடியாது. வகுப்பில் எல்லாம் சடசடவென்று வேலை செய்தது. ஆனால் வீட்டுக்கு வந்தவள் தைலத்தைத் தேய்த்துக்கொண்டுதான் படுத்தாள்.

மறுநாள் காசி வந்தான். "அண்ணி, இதுல நம்பர் கீயெல்லாம் தனியா இருக்காம்ல? பில் போட எம்புட்டுத் தோது! ஒரு நிமிஷம்." அவள் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் ஸ்கூட்டி தெருமுனை தாண்டிவிட்டது. அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. போச்சு, இதுவும் போச்சு என்று மனசு அடித்துக்கொண்டது. சாயங்காலம் மெய்யநாதன் அதைப் பையோடு திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். என்னமோ சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் மென்று விழுங்கிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

தேனம்மை அப்போதே கணக்குப் போட்டுவிட்டாள். சின்னதாக மாற்றிவிட வேண்டும். தோளும் பிழைக்கும், நம்பர் கீ இல்லாத லேப்டாப்பைக் காசியும் சீண்ட மாட்டான். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். விடிந்ததும் பையைத் திறந்துகூடப் பார்க்காமல் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள்.

"மாத்திக்கலாம் ஆச்சி, அதுக்கென்ன" என்று அகிலாண்டேஸ்வரி லேப்டாப்பை வெளியே எடுத்தாள். மேல்பக்கம் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். அடிப்பக்கத்தைத் திருப்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயையோ ஆச்சி! என்ன இது? உள்ள பேட்டரியெல்லாம் இருக்கே, இதுல போய் வெட்டலாமா!"

தேனம்மை எட்டிப் பார்த்தாள். பாத்திரத்தில் பேர் வெட்டுகிற மிஷினை வைத்து யாரோ எழுத்து வெட்டியிருந்தார்கள். அந்த வீட்டில் எதை வாங்கினாலும் பேர் வெட்டாமல் உள்ளே விடமாட்டார்கள். கரண்டிக் காம்பில்கூட மெய்யநாதனின் இனிஷியல் இருக்கும். அவள் தாய்வீட்டுச் சாமானில் அவளைப் பெற்ற அப்பச்சி பேர் இருக்கும். இந்த லேப்டாப்பிலும் கடைப் பேரை வெட்டிச் சொந்தமாக்கிக்கொண்டார்கள் என்று நினைத்ததும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

புள்ளிப் புள்ளியாக, ஒரு எழுத்து பெரிதும் ஒரு எழுத்து சின்னதுமாக, இரண்டு வரி இருந்தது.

தேனம்மை.

படிப்புக்கு மட்டும்.

அவள் இன்னொரு தடவை படித்தாள். அந்த வீட்டில் இத்தனை பண்டம் பாத்திரத்தில் அவள் பேரை யாரும் வெட்டியதில்லை. சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அகிலாண்டேஸ்வரி பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "இனி மாத்த முடியாதே ஆச்சி" என்றாள், ரொம்ப வருத்தத்தோடு.

"வேணாம்த்தா. யாரு கேட்டாலும் இதை நான் குடுக்க மாட்டேன்" என்று பையை மூடிக்கொண்டு எழுந்தாள் தேனம்மை.

நேரே பாத்திரக்கடைக்குப் போனாள். மெய்யநாதன் அவளையும் பையையும் பார்த்து எழுந்து நின்றார்.

"நம்ம கடையில பேர் வெட்டுற கருத்தையாகிட்டத்தான் சொன்னேன். உள்ள என்ன இருக்குமோன்னு பயந்துக்கிட்டு மிஷினைத் தொட மாட்டேன்னுட்டான். நானே வெட்டுனேன். பழக்கம் விட்டுப் போச்சு, எழுத்துக் கோணிருச்சு" என்றார். தப்புச் செய்த பிள்ளை மாதிரி குரல் இறங்கியிருந்தது. "காசி தூக்கியாந்துட்டான். நீ அன்னைக்குச் சொன்னது நெனப்புல இருந்துச்சு. வாயால சொன்னா நம்ம கடையில யாரு கேக்குறாக? அதான்."

"நேத்தே சொல்ல வேண்டியதுதானே?"

"உம் முகத்தைப் பாத்துச் சொல்ல முடியுமா?"

அந்த நேரம் பார்த்துக் காசி குடோனில் இருந்து வந்தான். "அண்ணி, லேப்டாப் வந்துருச்சா? ஒரு நிமிஷம், அந்த அண்டா பில்லு..." மெய்யநாதன் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து, கவிழ்த்து, தம்பி மூக்குக்கு நேரே பிடித்தார். காசி எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"அப்ப நான் பில்லு போடணும்னா?"

"எம்.காம். சேரு" என்றார் அண்ணன்.

கருத்தையா உள்பட எல்லாரும் சிரித்தார்கள். தேனம்மைக்குத்தான் சிரிப்பை அடக்கவே முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கி உண்மையைச் சொன்னாள்.

"நான் இதை மாத்தத்தான் கொண்டு போனேங்க."

"மாத்தவா? எதுக்கு?"

"கனங்க. தோள்பட்டை விட்டுப்போச்சு."

மெய்யநாதனின் முகம் சுருங்கிவிட்டது. "நல்ல கனமாச்சே" என்றார், தனக்குத்தானே.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. தேனம்மை கிளம்பி வாசலுக்கு வந்தால், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் தெருவில் நிற்கிறார். பஸ் ஏற்றிவிட வருகிறாராம். வரட்டும் என்று அவளும் கைவீசி நடந்தாள். பள்ளத்தூர் பஸ்ஸில் வந்து காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அவர் பையை வலது தோளில் இருந்து இடதுக்கு மாற்றினார். சிவகங்கை பஸ் நிற்கிற இடத்துக்குப் போவதற்குள் மறுபடி வலதுக்கு மாற்றினார். அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றாள்.

"தேனு."

"என்னங்க?"

"சின்னதையே எடுத்திருக்கலாம்."

இதைக் கேட்கத்தான் அவள் இந்த ஒரு வாரமும் காத்திருந்தாள். கேட்டதும் நன்றாகத்தான் இருந்தது. அவரைச் சீண்டலாமா என்று நினைத்தாள், பாவம் என்று விட்டுவிட்டாள். பஸ் வந்தது. பைக்காகக் கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. அவளுக்கு முன்னால் ஏறி ஜன்னல் ஓரத்தைப் பிடித்து வைத்தார்.

"அங்குட்டு வந்து என்ன செய்வீக? வகுப்புக்குள்ள விட மாட்டாகளே!"

"வெளிய டீக்கடை இருக்கும்ல. நீ படி. படிச்சு முடிச்சதும் நான் தூக்கியாரேன்."

பக்கத்து இருக்கைப் பெரியவர் மெய்யநாதன் மடியில் இருந்த பையைப் பார்த்தார். "லேப்டாப்புங்களா? ஆபீசு வேலையா?"

"இல்லைங்க. இவளோடது. எம்.காம். படிக்கிறா" என்றார் மெய்யநாதன். பஸ்ஸில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும். அதோடு விடுகிறவரா அவர்? பையைத் தூக்கிப் பெரியவர் கையில் கொடுத்தார். "தூக்கிப் பாருங்க. ரெண்டு கிலோ சுத்தமா நிக்கும்."

"நல்ல கனமுங்க" என்று திருப்பிக் கொடுத்தார் பெரியவர்.

மெய்யநாதன் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார். தேனம்மை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். பஸ் கிளம்பியதும் பையைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டாள்.