தென்னேரிக்குப் போன அப்பம்

செவிலிமேட்டுச் சபையில் ஒரு சட்டம் உண்டு. தலையில் கைவைத்து ஜெபித்துப் பிரதிஷ்டை செய்யப்படாதவன் திருவிருந்து அப்பத்தைப் பிட்கக் கூடாது. பிரசங்கம் பண்ணலாம், பேய் விரட்டலாம், கக்கூஸ் கழுவலாம். அப்பத்தையும் திராட்சரசத்தையும் தொடக் கூடாது.

சட்டம் பாஸ்டர் ராஜகோபால் போட்டது. அவர் வளர்த்துவிட்ட கமல், வாலாஜாபாத் கிளையில் அவரைக் கேட்காமலே அப்பம் கொடுத்தான். அந்த வருஷமே விசுவாசிகளை அள்ளிக்கொண்டு போய்த் தனிச்சபை வைத்தான். "அப்பம் குடுக்குற கையத்தான் ஜனம் பாஸ்டருன்னு நம்பும்" என்று அதற்கப்புறம் பாஸ்டர் சொல்ல ஆரம்பித்தார்.

கமலுக்கு அடுத்து வந்தவன் பஞ்சாட்சரம். நாற்பதைத் தாண்டியவன், தறியை விற்றுவிட்டு ஊழியத்துக்கு வந்தவன். மனைவி கீர்த்தி பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டி வீட்டை ஓட்டினாள்.

பாஸ்டர் அவனை உடைத்து வளர்த்தார். 'உடைத்து' என்பது அவருடைய வார்த்தைதான். அவன் பிரசங்கம் சூடு பிடிக்கிற நேரமாகப் பார்த்து மைக்கைப் பிடுங்கிப் பாட்டு எடுப்பார். "இன்னாபா பஞ்சு, உன் பேரு அஞ்செழுத்து, வேதம் அறுபத்தாறு புஸ்தகம். எப்டிபா மண்டையில ஏறும்?" என்பார். சபை சிரிக்கும். அவனும் சிரிப்பான்.

பிறகு தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கை போடுவார். "கமலைத் தட்டிக் குடுத்து வளத்தேன், ஓடிட்டான். சாவுற வரைக்கும் நிக்கிற ஊழியக்காரன் ஒருத்தனாவது எனக்கு வேணும். வர்ற பெந்தெகொஸ்தே ஞாயித்துக்கெழம உனக்குக் கைவைக்கிறேன்."

அந்த ஞாயிற்றுக்காக அவன் எதையும் பொறுத்துக்கொள்வான்.

தென்னேரியில் செல்லியம்மாள் வீட்டுக் கூடத்தில் அவன் கூட்டம் நடத்தி வந்தான். கிழவியும் மருமகள் அனுவும் தெருவில் நாலைந்து பேரும் வருவார்கள். மகன் வேல்முருகன் அம்மன் கோயில்காரன். கூட்டம் முடியும்வரை வெளியில் டிராக்டரைத் துடைத்துக்கொண்டிருப்பான். மாதம் ஒருமுறை பாஸ்டர் காரில் வந்து அப்பம் கொடுப்பார்.

பெந்தெகொஸ்தே நெருங்கும்போது செல்லியம்மாளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அவள் கேட்டது ஒன்றுதான், அப்பம். அனு கடையில் பன்னும் திராட்சை ஜூஸும் வாங்கி வைத்துவிட்டுப் பஞ்சாட்சரத்தைக் கூப்பிட்டாள். அவன் வந்ததும் பாஸ்டருக்குப் போன் போட்டான்.

"வர்றேன். நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாத" என்றார் அவர்.

வெயில் கூடத்தைத் தாண்டிச் சமையலறைக்குள் போயிற்று. கார் வரவில்லை. மறுபடி கூப்பிட்டான், போன் அடித்துக்கொண்டே இருந்தது. கிழவியின் கண் அவன் கையைவிட்டு நகரவில்லை.

கடைசியில் வேல்முருகன் உள்ளே வந்தான். அந்தக் கூடத்தில் அவன் பஞ்சாட்சரத்தோடு பேசியது அதுதான் முதல் தடவை.

"யோவ், இன்னாயா பாத்துக்கினு நிக்கிற? ஒரு சொட்டு ஊத்துயா."

"பாஸ்டர் வர்றாருங்க."

"வர்றப்ப வரட்டும். நீதான வாராவாரம் வந்து கத்துற? நீயே குடு."

"எனக்கு அதிகாரம் இல்லீங்க."

"ஜூஸ் ஊத்த இன்னாயா அதிகாரம்?" வேல்முருகன் டம்ளரை எடுத்தான். கிழவி தலையைத் திருப்பிக்கொண்டாள். மகன் கையால் வேண்டாம். ஊழியக்காரன் ஜெபித்துத் தர வேண்டும். வேல்முருகன் பஞ்சாட்சரத்தின் காலைத் தொட்டுவிட்டான். "உன்ன கும்புடுறேன்யா. எங்கம்மாயா."

பஞ்சாட்சரம் பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டி நின்றான். பெந்தெகொஸ்தே ஞாயிறு அவன் கண்முன் நின்றது.

செல்லியம்மாள் வாயைத் திறந்தபடியே போய்ச் சேர்ந்தாள். வேல்முருகன் துணியால் தாடையைக் கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, பறையடித்துக் கொண்டுபோய் எரித்தான்.

பஞ்சாட்சரம் நேராகச் செவிலிமேட்டுக்கு வந்தான். வாசலில் கார் நின்றது. பாஸ்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"கார் ரிப்பேரா பாஸ்டர்?"

"இல்ல. இங்கதான் இருந்தேன். நீ குடுத்தியா?"

"இல்ல."

"கையாவது நீட்டுனியா?"

"இல்ல பாஸ்டர்."

அவர் எழுந்து அவனைக் கட்டிப்பிடித்தார். கண் கலங்கியிருந்தது. "கமலா இருந்தா குடுத்திருப்பான்" என்றார். பஞ்சாட்சரத்துக்கு அழுகை வரவில்லை. சந்தோஷமாக இருந்தது.

சொன்னபடி பெந்தெகொஸ்தே ஞாயிறன்று பாஸ்டர் கைவைத்தார். வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு, அடுத்த வாரமே அப்பத் தட்டும் திராட்சரசப் பாட்டிலுமாகப் பஸ் ஏறினான் பஞ்சாட்சரம். தென்னேரியில் கதவு பாதிதான் திறந்தது. அனு தட்டை மூடியிருந்த துணியை விலக்கிப் பார்த்தாள்.

"அன்னிக்கும் இதே பன்னுதான். அன்னிக்கு உன் கையில இல்லாதது இன்னிக்கு இன்னா இருக்குது?"

அவன் பொய் சொல்லவில்லை. "அனுமதிம்மா" என்றான்.

அவள் கதவைச் சாத்தினாள். தெருவில் வேறு எந்த வீடும் திறக்கவில்லை. அவன் பாஸ்டருக்குப் போன் போட்டான்.

"யாரும் வரல பாஸ்டர்."

"ஆடு போனா போவுது. நீ நிக்கிறியா?"

"நிக்கிறேன்."

"அது போதும். பந்திய நடத்து."

ஏரிக்கரை பஸ் நிறுத்தத்தில் நின்றபடி ஜெபம் சொல்லி அப்பத்தைப் பிட்டான். ஜெபித்த அப்பத்தை மிச்சம் வைக்கக் கூடாது. முழுவதையும் அவனே தின்றான். தொண்டையில் அடைத்தது. ரசத்தை ஊற்றி இறக்கினான்.