சுண்ணாம்புக் கோட்டில் ஒரு வாசல்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் வாயைத் திறந்து சொல்லத் தெரியாது. வீட்டை விட்டுப் போ என்று சொல்வதற்குக்கூட ஒரு படம் வரைந்து மேசையில் விரித்துவிடுகிறார்கள். அதைப் பார்த்துத் தானாகப் புரிந்துகொண்டு மனிதன் மூட்டையைக் கட்ட வேண்டும். கேட்டால் நாகரிகம் என்பார்கள்.

பெரியவர் அப்படித்தான் புரிந்துகொண்டார். ஆயுசில் பாதியை லாரி ஸ்டியரிங்குக்குப் பின்னால் கழித்தவர் அவர். தெருவில் இன்னும் 'டிரைவர்' என்றுதான் பெயர். படிப்பு, வழியில் வருகிற ஊர்ப் பலகையை எழுத்துக்கூட்டி வாசிக்கிற அளவுக்கு. ஆனால் எதிரே வருகிறவன் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் ஒடிப்பான் என்று சந்தேகப்பட அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்தச் சந்தேகம்தான் தன் உயிரைக் காப்பாற்றியது என்பது அவர் கட்சி. வண்டியை விட்டு இறங்கியவர் சந்தேகத்தை விட்டு மட்டும் இறங்கவில்லை.

இப்போது குடியிருக்கிற வாடகை வீட்டில் அவருக்கு இடம் நிலவறையில். யாரும் அங்கே தள்ளவில்லை. தன் குறட்டை பொல்லாதது என்று அவரே கட்டிலைப் பிரித்துத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். ஈரம் பூத்த சுவர். கூரையோரம் கையகல ஜன்னல். அதில் தெருவில் போகிறவர்களின் கணுக்கால் மட்டும் தெரியும். கதவு நிலை தாழ்வானது. அவரோ நெடுநெடுவென்று வளர்ந்த ஆள். நெற்றியில் இடித்து இடித்து, கடைசியில் வாசலைக் கண்டால் கழுத்து தானே குனியப் பழகிக்கொண்டது.

மகன் அச்சகத்தில் வேலை பார்க்கிறவன். சொந்த வீட்டுக்கான வரைபடத்தை ஒரு சாயங்காலம் கொண்டுவந்து, நான்கு மூலையிலும் டம்ளர் வைத்து விரித்தான்.

"கீழ் ரூம் எங்கடா?" என்றார் பெரியவர்.

"அது இல்லப்பா. குழி தோண்டிப் பாத்தோம், அடியில தண்ணி ஊறுது. எல்லாம் ஒரே தளந்தான். இது ஹால், இது சமையல்கட்டு, இது எங்க ரூம், இது பாப்பாவுக்கு..."

"தெருப்பக்கமா இருக்கே, இது?"

"அதுவும் ஒரு ரூம்தான். அதுக்கு மட்டும் வெளியில தனிக் கதவு உண்டு."

தெருப்பக்கம் அறை, அதற்குத் தனிக் கதவு. வாடகைக்கு விட இதைவிட லட்சணமாக ஒரு அறை அமையுமா? நிலவறையும் கிடையாது. கணக்கு நேராகிவிட்டது. "தூக்கம் வருது" என்று எழுந்தார். "இன்னும் சாப்பிடலையே மாமா" என்று மருமகள் சொன்னது, படியிறங்குகிற முதுகில் பட்டுத் திரும்பியது.

மறுநாளே டிரங்குப் பெட்டியில் துணிமணியை அடுக்கிக் கயிறும் கட்டிவிட்டார். தம்பிக்கு போன் போட்டார்.

"உன் வீட்டு மாடி ரூம் காலியாத்தானே கெடக்கு?"

"ஆமாண்ணே. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

"படி செங்குத்தா இருக்கும்ணே. உங்க முட்டி தாங்காது."

"என் முட்டிய நான் பாத்துக்கறேன். நீ ரூமப் பாத்துக்க."

மனையில் இன்னும் ஒரு செங்கல்கூட வந்து இறங்கவில்லை. இவர் அதற்குள் வீட்டைக் காலி செய்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மனையில் கோடு போட்டார்கள். படத்தில் பார்ப்பது வேறு, நின்று பார்ப்பது வேறு என்று சொல்லி, இன்ஜினியர் பெண் முளையடித்துக் கயிறு கட்டி, அதன்மேல் சுண்ணாம்புத் தூளைத் தூவி, வீட்டை முழு அளவில் தரையில் வரைந்திருந்தாள். வாசல் வருகிற இடத்தில் மட்டும் கோட்டில் இடைவெளி. மகனும் மருமகளும் அதற்குள் குடிவந்தவர்களைப் போல உலாவினார்கள். பெரியவர் விளக்குக் கம்பத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"உள்ள வாங்கப்பா."

வந்தார். கோட்டைத் தாண்டி நேராக வந்தார்.

"மாமா, சுவத்து மேல ஏறி வரீங்க" என்றாள் மருமகள்.

"சுண்ணாம்பத் தூவிட்டு சுவருன்றீங்க. ஒரு மழை பெஞ்சா வீடே ஓடிடும்."

தெருப்பக்கத்து அறையில் போய் நின்றார். நாலு பக்கமும் பார்த்தார். பிறகு, இத்தனை நாள் நெஞ்சில் வைத்து அரைத்ததைக் கேட்டேவிட்டார்.

"இந்த ரூமுக்கு ஆள் பாத்தாச்சா?"

"என்ன ஆளு?" என்றான் மகன்.

"வாடகைக்குத்தான்."

இன்ஜினியர் பெண் டேப்பைச் சுருட்டுவதை நிறுத்தினாள். மருமகள் இடுப்பில் கை வைத்தாள்.

"அதுக்குத்தான் பெட்டியக் கட்டி வெச்சீங்களா? கீழ கூட்ட வந்தப்ப பாத்தேன். பூச்சி அரிக்காம இருக்கக் கட்டியிருக்கீங்களாக்கும்னு நெனச்சேன்."

"அப்பா, இது உங்க ரூம். வேற யாருக்கு? இதப் போய் சொல்ல வேற செய்யணுமா?"

"சொல்லணும்" என்றார் பெரியவர்.

படத்தை விரித்த அன்று அப்பா பாதியில் எழுந்துபோனது மகனுக்கு இப்போதுதான் உறைத்தது போலிருந்தது.

"அப்ப தனிக் கதவு எதுக்கு?"

மருமகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராத்திரி டியூட்டி முடிந்து விடியும் முன்னே வீடு திரும்புகிறவள். லாரிப் பழக்கத்தில் அந்நேரத்துக்கே விழித்து நடக்கப் போகிற மாமனாரை அவளைத் தவிர வேறு யாரும் பார்த்ததில்லை.

"செருப்பக் கையில தூக்கிக்கிட்டு, திருடன் மாதிரி ஹால்ல அடிமேல அடி வெச்சுப் போறீங்க. யாரும் முழிச்சிடக் கூடாதுன்னு. எனக்கு அதப் பாக்க நல்லா இல்ல மாமா. உங்க கதவத் தொறந்து செருப்பு போட்டுக்கிட்டுப் போங்க. அதான் அந்தக் கதவ நான் வெக்கச் சொன்னேன்."

பெரியவர் தெருவைப் பார்த்தார். சண்டைக்கு எங்காவது ஒரு நூல் மிச்சம் இருக்கிறதா என்று தேடுகிற முகம்.

"வெளிக்கதவுன்னா, நாளைக்குத் தள்ளிவிடவும் சுலபம்."

"தாழ்ப்பாள் உள் பக்கம். நீங்க போட்டுக்கிட்டா நாங்கதான் வெளியில நிக்கணும்."

பெரியவர் பேச்சைக் கட்டில் பக்கம் திருப்பினார். "இந்த அகலத்துல கட்டில உள்ள விட்டா ரிவர்ஸ் எடுக்க முடியாது."

இன்ஜினியர் பெண் சிரிக்காமல் ஒரு முளையைப் பிடுங்கி, ஹாலுக்குள் ஒரு அடி தள்ளி அடித்தாள். பழைய கோட்டைக் காலால் தேய்த்துவிட்டுப் புதிதாகத் தூவினாள்.

"ஹால் சின்னதாகுதே" என்றான் மகன்.

"ஆகட்டும். அந்தப் பெரிய சோபா ஆசைய விடுங்க" என்றாள் அவன் மனைவி. பிறகு, "பெட்டிய அவுத்துடலாமா மாமா?"

"கெடக்கட்டும். கட்டி முடிங்க மொதல்ல. காயிதத்துல எவன் வேணா வீடு கட்டுவான்."

சொல்லிவிட்டுக் கிளம்பினார். வந்தபடி கோட்டைத் தாண்டிப் போகவில்லை. சுற்றிக்கொண்டு, தெருப்பக்கம் விட்டிருந்த இடைவெளிக்கு வந்தார். அங்கே வந்ததும் கழுத்து தானாகக் குனிந்தது. மேலே வானத்தைத் தவிர ஒன்றுமில்லை.

"மாமா, அது ஏழடிக் கதவு. குனிய வேணாம்."

"சொல்றதுக்கு என்ன, எல்லாம் சொல்வீங்க. வெச்ச பொறவு பாப்போம்" என்றார் பெரியவர், குனிந்தபடியே. வெளியே வந்து நிமிர்ந்தவர், செருப்பைச் சத்தமாகத் தேய்த்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.